54 வயசுல குடிச்ச முதல் காபி

எல்லாருக்கும் வணக்கங்க. ரேடியோவுல வந்து பேசறீங்களான்னு கேட்டப்போ என்னத்தைப் பேசறதுன்னு கேட்டேன், உங்க மனசுக்குப் பிடிச்சது எதுவோ அதைப் பேசுங்கம்மான்னாங்க. அப்படின்னா காபிதாங்கன்னு சொல்லிட்டேன். இப்போ இதைக் கேக்கறவங்கள்ல பாதிப்பேர் கையில டம்ளர் இருக்கும், இருந்தா கீழ வெக்காதீங்க, குடிச்சிக்கிட்டே கேளுங்க.

எனக்கு 61 வயசு ஆகுது. நான் முதல் முதலா காபி குடிச்சது 54 வயசுல. சேலத்துலயே பொறந்து, சேலத்துலயே வளந்து, இங்கயே வாக்கப்பட்டு, 30 வருஷம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை வீட்டுல எல்லாருக்கும் காபி போட்டுக் குடுத்துட்டு, 54 வயசு வரைக்கும் ஒரு வாய் கூட குடிச்சதில்ல. இதைச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க, அதனாலதான் முதல்லயே சொல்லிடறேன்.

அம்மாபேட்டையில தறிக்காரங்க வீடு எங்களுது. காலையில அப்பா தறிக்குழியில இறங்கறதுக்கு முன்னாடி ஒரு காபி, 11 மணிக்கு தறிமேட்டுக்கே ஒரு காபி போகும். அண்ணனுங்களுக்கு உண்டு. அக்காவுக்கு அரை டம்ளர் உண்டு. எனக்குக் கிடையாது. ஏன்னா அக்கா செவப்பு, நான் கருப்பு. காபி குடிச்சா கருத்துப் போயிடுவடின்னு அம்மா சொல்லுவாங்க, ஏற்கனவே இந்த நிறம், இன்னும் காபி வேறயா, யாரு கட்டிக்குவான்னு. எனக்கு ராகிக் கூழு. அம்மா மேல எனக்குக் கோவம் இல்லீங்க, அவங்க பயந்தாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இதைக் கேக்கற நிறையப் பொண்ணுங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு நடந்திருக்கும், சில வீட்டுல இன்னமும் நடக்குது. அவங்களுக்காக சொல்றேன், காபி குடிக்கறதால தோல் நிறம் மாறாது. நம்ம நிறம் உடம்புக்குள்ள இருக்கற மெலனின்னால வர்றது, அப்பா அம்மா வழியில வர்றது, டம்ளர் வழியா வர்றதில்ல.

அப்புறம் என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. 19 வயசு. தட்டுல 7 டம்ளர் காபி, கை நடுங்காம எடுத்துக்கிட்டுப் போறேன். வந்திருந்தவங்கள்ல ஒரு அம்மா டம்ளரை எடுத்துக்கிட்டு என் மூஞ்சியப் பாத்துட்டு, பொண்ணு காபி நெறைய குடிக்குமோன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டு நான் குடிச்சதில்லீங்க. அதைச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. உள்ள போயி கதவு பக்கத்துல நின்னுக்கிட்டேன். அந்த சம்பந்தம் அமையல, வேற எடத்துல அமைஞ்சுது, என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், அதெல்லாம் ஒரு குறையும் இல்ல. ஆனா அன்னிக்கு வாய் வரைக்கும் வந்தது அப்படியே அங்கயே நின்னுடுச்சு.

வாக்கப்பட்ட வீட்டுல காபி குடிக்காதன்னு யாரும் சொல்லல. நானே குடிக்கல. மாமியார் கூட, ஏம்மா நீயும் ஒரு வாய் குடியேன்னு கேப்பாங்க, பழக்கமில்லங்க அத்தைன்னுடுவேன். அப்போ எப்படி 30 வருஷம் காபி போட்டேன்னு கேப்பீங்க. மூக்காலதான் போட்டேன். டிகாக்ஷன் சரியா இறங்கியிருக்கா, பொடி பழசாயிடுச்சா, பால் அடிப்பிடிச்சுதா, எல்லாம் வாசத்துலயே தெரிஞ்சுடும். பில்டரைத் தொட்டுப் பாத்தா சூட்டை வெச்சே எவ்வளவு இறங்கியிருக்கும்னு சொல்லிடுவேன். சொந்தக்காரங்க எல்லாரும் உன் கை காபி மாதிரி வராதும்பாங்க. எனக்கு அது என்ன ருசின்னே தெரியாது. மூக்குக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது.

இனிமேதான் ஏற்காடு. ஜனவரி மாசம், நானும் என் நாத்தனாரும் பஸ்ல போறோம். 20 கொண்டை ஊசி வளைவு, அவங்களுக்குத் தலை சுத்தும், எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வருவாங்க, நான் ஜன்னல் பக்கம். அவங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒரு எஸ்டேட்ல இருந்தாங்க, அங்கதான் போனோம். நம்ம ஊர்க்காரங்க எத்தனை பேருக்கு இது தெரியும்னு எனக்குத் தெரியல, 1820கள்ல சேலத்துக்குக் கலெக்டரா இருந்த காக்பர்ன்ங்கறவர்தான் ஏற்காட்டுல காபியக் கொண்டாந்து நட்டவர். 200 வருஷமா நம்ம தலைக்கு மேலயே காபி விளையுது. நிமிந்து பாத்தா தெரியுற மலைங்க அது. நான் 54 வயசுலதான் காபிச் செடியவே கிட்டப் போயி பாக்கறேன்.

சில்வர் ஓக் மரம் நெட்டுக்கு நிக்குது, அதுல மிளகுக் கொடி ஏறியிருக்கு, அந்த நெழல்லதான் காபிச் செடி. அராபிகா. வெயில் நேரா அடிச்சா அதுக்கு ஆகாது. நவம்பர் வாக்குல ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் பழம் பறிப்பாங்க, நாங்க போனது நடு சீசன். கொம்பு நெடுக செக்கச்செவேல்னு பழம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. பறிக்கறவங்கள்ல வயசான ஒரு அக்கா, இடுப்புல சாக்கைக் கட்டிக்கிட்டு, ஒரு பழத்தைப் பிதுக்கி என் உள்ளங்கையில வெச்சாங்க. வழுவழுன்னு ரெண்டு கொட்டை, ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கு. நக்கிப் பாரு கண்ணுன்னாங்க, இனிக்குதுங்க! காபிப் பழம் இனிக்கும்னு எனக்கு யாருமே சொன்னதில்ல. அந்தத் தோலை எடுத்து, ஊற வெச்சு, கழுவி, களத்துல காய வெச்சு, மேல இருக்கற சவ்வையும் நீக்கினா உள்ள இருக்கற கொட்டை வெளிறின பச்சை. கருப்பே கெடையாது. வறுக்கும்போதுதான் அந்த நிறம் வருது. நான் அந்தக் கொட்டையக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். சின்ன வயசுல எனக்குக் குடுக்காம வெச்சாங்களே, அது இதுதானா, இந்தப் பச்சையான்னு.

11 மணிக்கு அவங்களுக்கு இடைவேளை. பானையில தண்ணி கொதிக்க வெச்சு, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, காபித்தூளைப் போட்டு இறக்கி, துணியில வடிகட்டி ஆளுக்கொரு டம்ளர். கடுங்காப்பி. பால் கிடையாது. எனக்கும் நீட்டறாங்க. நான் குடிக்கறதில்லக்கான்னேன். ஏன் கண்ணுன்னாங்க. கருத்துடுவேன்னு அம்மா சொல்லுவாங்கன்னு, 54 வயசுல, பேரன் எடுத்தவ, அதையே திருப்பிச் சொல்றேன் பாருங்க. அந்தக்கா சிரிக்கல. அவங்க கையை எடுத்து என் கை பக்கத்துல வெச்சாங்க, ரெண்டும் ஒரே நிறம். நல்லாத்தான இருக்குது, ஆறிடும், குடின்னாங்க.

குடிச்சேங்க. முதல் வாய் கசப்பு, அப்புறம் வெல்லம், அப்புறம் ஒண்ணு வந்துச்சு, அது 30 வருஷமா என் மூக்குக்குத் தெரிஞ்ச ஒண்ணு. தெரிஞ்சவங்களைக் கூட்டத்துல பாத்த மாதிரி. கண்ணுல தண்ணி வந்துடுச்சு, நாத்தனார் தலைசுத்தல்னு நெனச்சு எலுமிச்சம்பழத்தை நீட்டினாங்க.

கீழ வந்ததுக்கு அப்புறம்தான் பெரிய வேலையே. காபிக் கடையில 30 வருஷமா நான் சொன்னது ஒரே வார்த்தை, வழக்கம்போல. அந்த வழக்கம் என்னன்னே எனக்குத் தெரியாது. மாமனார் காலத்துல சொன்ன கலவை. அதுல என்ன இருக்குன்னு கேக்கணும்னு முடிவு பண்ணி, வீட்டுல ஒரு வாரம் சொல்லிப் பாத்துக்கிட்டேன், பீபெரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு, சிக்கரி எவ்வளவுன்னு. போயி கேட்டேன். கடைக்காரர், சாரை வரச் சொல்லுங்கம்மா அவருக்குத் தெரியும்னார். எனக்குத் தெரியணும்ங்க, குடிக்கறது நான்னு சொன்னேன். சொல்லிட்டு எனக்கே படபடன்னு அடிச்சுக்குது. அவர் சொன்னார், நூத்துக்கு 40 சிக்கரி.

சிக்கரின்னா அது காபியே இல்லீங்க, ஒரு செடியோட வேரு, வறுத்து அரைக்கறது. அதுல காபியில இருக்கற கஃபீன் கிடையாது. கலவையில 49 சதவீதம் வரைக்கும் சேக்கலாம்னு சட்டமே இருக்கு, பாக்கெட் மேல எவ்வளவுன்னு போட்டிருக்கணும், இன்னிக்கே எடுத்துப் பாருங்க. டிகாக்ஷன் கருப்பா கெட்டியா இருந்தா ஸ்ட்ராங்னு நாம நெனச்சுக்கறோம், அந்த நிறமும் கெட்டியும் முக்கால்வாசி சிக்கரி குடுக்கறது. சிக்கரி பிடிச்சவங்க குடிக்கட்டும், தப்பே இல்ல. எதைக் குடிக்கறோம்னு தெரிஞ்சு குடிக்கணும், அவ்வளவுதான் நான் சொல்றது. பீபெரின்னா பழத்துக்குள்ள ரெண்டுக்கு பதிலா ஒரே கொட்டையா உருண்டையா இருக்கறது. பிளான்டேஷன்னா நான் ஏற்காட்டுல பாத்தேனே, கழுவிக் காய வெச்ச அராபிகா. நான் நூறு கிராம் சிக்கரி இல்லாம வாங்கிட்டு வந்தேன்.

முதல் நாள் தண்ணியாப் போச்சு. மாமியார், என்னம்மா இது கழனித்தண்ணியாட்டம் இருக்குன்னாங்க. சிக்கரி இல்லன்னா தண்ணி சீக்கிரமா இறங்கிடும், அதனால பொடி இன்னும் கொஞ்சம் நைசா அரைக்கணும். இது தெரிய எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. ரெண்டு பேருக்கு மூணு ஸ்பூன் குவிச்சுப் போட்டு, பில்டருக்குள்ள இருக்கற குடையை லேசா அமுக்கணும், தண்ணி கொதிச்சு அடங்கினதும் சுத்தி ஊத்தி மூடி போட்டுட்டு 20 நிமிஷம் அந்தப் பக்கம் போகக் கூடாது. டிகாக்ஷனை அடுப்புல வெச்சு சுட வெக்காதீங்க, கசந்துடும், சுடுதண்ணியில கிண்ணத்தோட வெச்சா போதும். பில்டர் பத்தி நான் சொல்ல வேணாம், நம்ம ஊர்லயே இரும்பாலை இருக்கு, எவர்சில்வர் பத்தி சேலத்துக்காரங்களுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது.

அப்புறம் ஒரு நாள் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டல்ல தனியா போயி உக்காந்தேன். வாழ்க்கையில முதல் தடவை தனியா. சர்வர் தம்பி, கூட யாராச்சும் வர்றாங்களாம்மான்னு கேட்டுச்சு. இல்லப்பா நான் மட்டும்தான், ஒரு காபி, ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியான்னேன். வந்த காபியில சர்க்கரை கொட்டிக் கெடந்துச்சு. குடிச்சிட்டுப் போயிடலாம்னுதான் முதல்ல நெனச்சேன். அப்புறம் கூப்பிட்டு, தம்பி நான் கம்மியா கேட்டேன், மாத்திக் குடுன்னேன். சரிங்கம்மான்னு எடுத்துட்டுப் போயி மாத்தி எடுத்துட்டு வந்துச்சு. அவ்வளவுதாங்க நடந்தது. ஆனா எனக்கு இப்படி வேணும்னு வாயைத் தொறந்து நான் சொன்னதும், அது வந்ததும், எனக்கு அதுதான் முதல் தடவை. அதுக்கப்புறம் பேங்குல கேட்டேன், ரேஷன் கடையில எடையப் பாத்து கேட்டேன், டாக்டர்கிட்ட எதுக்கு இந்த மாத்திரைன்னு கேட்டேன்.

மூணு வருஷம் கழிச்சு என் தம்பி பொண்ணைப் பாக்க வந்தாங்க. அவளும் என் நிறம். காபி நான்தான் போட்டேன். வந்தவங்கள்ல ஒருத்தர், எல்லாம் சரி, கலர்தான் கொஞ்சம் கம்மின்னார். நான் சமையக்கட்டுல இருந்து வெளிய வந்து, கலரைப் பத்திப் பேசறதா இருந்தா காபியக் குடிச்சிட்டுக் கெளம்பலாங்கன்னு சொன்னேன். குரல் நடுங்கல. அவங்க கெளம்பிட்டாங்க. தம்பி மூணு மாசம் என்கிட்ட பேசல. அந்தப் பொண்ணு அன்னிக்கு ராத்திரி என் பக்கத்துல வந்து படுத்துக்கிட்டு, அத்தை எனக்கும் டிகாக்ஷன் போடக் கத்துக் குடுங்கன்னா. இப்போ ஓசூர்ல வேலை பாக்கறா, ரூம்ல பில்டர் வெச்சிருக்கா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டறாங்க, ரெண்டு நிமிஷம்தானாம். நான் கலப்படம் கண்டுபிடிக்கறது, தொட்டியில காபிச் செடி வெக்கறதுன்னு எழுதி வெச்சுக்கிட்டு வந்தேன், அதெல்லாம் முடியாது போல. ஒண்ணு மட்டும் கட்டாயம் சொல்லணும், ரத்தம் கம்மியா இருக்கற பொண்ணுங்க சாப்பாட்டோடயும் இரும்புச்சத்து மாத்திரையோடயும் காபி குடிக்காதீங்க, அந்தச் சத்தை உடம்பு முழுசா எடுத்துக்க விடாது, ரெண்டு மணி நேரமாச்சும் தள்ளிக் குடிங்க. அப்புறம் மார்ச் ஏப்ரல்ல ஏற்காட்டுல கோடை மழை பேஞ்சா, ஒரு எட்டு பத்து நாள்ல காபிச் செடி எல்லாம் ஒண்ணா பூக்கும், வெள்ளை வெளேர்னு, மல்லி வாசம். ரெண்டு மூணு நாள்தான் இருக்கும். பஸ்ல போறவங்க அப்போ ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கோங்க. வணக்கங்க.