தொழில்: கூலி

நேயர்களுக்கு வணக்கம். கடைசியாக அரசு மருத்துவமனையில் வாங்கிய ஓ.பி. சீட்டை நினைத்துப் பாருங்கள். பெயர், வயது, ஊர். என்ன வேலை என்று கேட்டார்களா? கேட்டிருந்தாலும் 'கூலி' என்றுதான் எழுதியிருப்பார்கள். கல் உடைத்தாலும் கூலி, பஞ்சாலையில் நின்றாலும் கூலி, பூப் பறித்தாலும் கூலி. வேலையால் வரும் நோயை எண்ண உட்கார்ந்தால், முதல் ஓட்டை அந்தச் சீட்டில்தான்.

நான் நெஞ்சுநோய் மருத்துவன். கோவைப் பக்கம் இருந்தபோது ஒரு மில் தொழிலாளி வந்தார். "திங்கக்கிழமை ஷிப்டுக்குப் போனா நெஞ்சப் புடிக்குதுங்க. வாரக் கடைசில சரியாயிருதுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறுதான் காரணம் என்று அவராகவே முடிவு கட்டி, ஆறு மாதமாகக் கறியையே தொடவில்லையாம். பாவம், நல்ல சாப்பாட்டுப் பிரியர் வேறு. மில்லில் எங்கே என்று கேட்டேன். கார்டிங். பஞ்சுத் தூசி பறக்கும் இடம். விடுமுறை முடிந்து மறுபடி தூசி படுகிற முதல் நாளில் மூச்சுக்குழாய் இறுகும், நாள் போகப் போகத் தளரும். பிசினோசிஸ் என்பார்கள். வருடக்கணக்கில் தொடர்ந்தால் எல்லாக் கிழமையும் திங்கட்கிழமைதான். அப்புறம் பார்க்கிற டாக்டருக்கு அது ஆஸ்துமாவாகத்தான் தெரியும்.

அவருடைய பழைய சீட்டில் ஆஸ்துமா என்றே எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. ஒரு வியாழக்கிழமை பார்த்திருக்கிறேன். வேலையைக் கேட்கவில்லை.

இத்தாலியில் ராமசீனி என்ற மருத்துவர், நோயாளியிடம் என்ன தொழில் என்று கேளுங்கள் என்று 1700இலேயே எழுதிவிட்டார். நம் தொழிற்சாலைகள் சட்டமும் 1948இலேயே, கல் தூசியால் வரும் சிலிகோசிஸ், ஈய நச்சு போன்ற நோய்களைக் கண்ட மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது. பிசினோசிஸும் பின்னால் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நான் எத்தனை தடவை எழுதினேன் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால்தானே தெரியும், தெரிந்தால்தானே எழுத முடியும்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஈ.எஸ்.ஐ. பதிவுகளைப் பற்றியும் பேச நினைத்தேன். அதில் கார்டு உள்ளவர்கள்தான் வருவார்கள். இறப்புப் பதிவில் 'மூச்சுத் திணறல்' என்றிருக்கும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது மில்லின் வருகைப் பதிவேடு. திங்களும் செவ்வாயும் லீவு போட்டவர்கள் எந்த டிபார்ட்மெண்ட் என்று எண்ணிப் பார்த்தாலே... சரி, நேரமாகிவிட்டது. வணக்கம்.