கேமராவுக்கு மாமன் மச்சான் கிடையாதாமே!

நடுவர் அவர்களுக்கும், மஞ்சக்குப்பம் மைதானத்துக் கொசுக்கடியிலும் எழுந்து போகாமல் இருக்கும் உங்களுக்கும் வணக்கம். கொலைக்கு நம்பகமான சாட்சி ஓடும் படமா, உயிருள்ள மனிதரா? மனிதர்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் படத்துக்காகப் பேசிய தம்பி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொலையை எடுத்தார். 1963 நவம்பர் 22, டல்லாஸ் நகரம். பெண்கள் உடை தயாரிக்கும் ஆப்ரகாம் சப்ரூடர் என்பவர், வீட்டில் விட்டுவந்த கேமராவைத் திரும்பப் போய் எடுத்துவந்து ஒரு திண்டின் மேல் ஏறி நின்றார். 26 விநாடிப் படம், 486 ஃபிரேம். கொலை அதில் பதிவானது. எல்லாம் சரி. கடைசியில் தம்பி ஒன்று சொன்னார் பாருங்கள்: "மனுஷனுக்கு மாமன் மச்சான் உண்டு, பொய் சொல்லுவான். கேமராவுக்கு மாமன் மச்சான் கிடையாது!" நீங்களும் கைதட்டினீர்கள்.

தம்பி, கேமராவுக்கு மாமன் இல்லை. எனக்கு இருந்தார்.

1994. திருப்பாதிரிப்புலியூரில் என் அக்கா கல்யாணம். முதுநகரிலிருந்து தாய்மாமா சீர்த்தட்டோடு வந்தார். மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய 3 பவுன் செயின், ஒரு சிவப்பு டப்பாவில், தாம்பாளத்தில் இருந்தது. தாலி கட்டி முடித்துப் பார்த்தால் டப்பா இல்லை!

பத்து நாள் கழித்து வீடியோ கேசட் வந்தது. வீடே டெக்கைச் சுற்றி உட்கார்ந்தது. மாமா கை தாம்பாளத்துப் பக்கம் போகிறது. அதே நேரம் லைட் பிடிக்கிற பையன் குறுக்கே வருகிறான், திரை முழுக்க அவன் முதுகு. முதுகு விலகினால், மாமா கை இடுப்பு மடிப்பில். தாம்பாளத்தில் டப்பா இல்லை. "நிறுத்து. பின்னால ஓட்டு" என்றார் அப்பா. கை போகிறது, முதுகு, இடுப்பு. "திரும்ப ஓட்டு." கை, முதுகு, இடுப்பு. முப்பது தடவை பார்த்திருப்போம். பார்க்கப் பார்க்க மாமா கையில் சிவப்பாக ஏதோ இருப்பதாக எனக்கே தெரிந்தது. எனக்கே!

ஒரே ஒரு ஆள் மட்டும் மறுத்தார். அப்பாவைப் பெற்ற ஆயா. மாமா அவருக்கு ரத்த உறவுகூட இல்லை. "அவன் பக்கத்துலதான்டா உக்காந்திருந்தேன். பொடி டப்பாவை எடுத்துச் சொருகினான். சிவப்பு டப்பாவைத் தொடவே இல்லை." யார் கேட்டார்கள்? ஆயாவுக்குக் கண்புரை. கேசட்டுக்குக் கண்புரை இல்லையே!

டல்லாஸ் படத்திலும் அந்த முதுகு இருக்கிறது, தம்பி. கென்னடி மேல் முதல் குண்டு பட்டிருக்கும் என்று, கொலையை விசாரித்த வாரன் ஆணையம் கணித்த இடத்தில், நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகை ஒன்று காரை மறைக்கிறது. படத்தில் ஒலியே கிடையாது, எத்தனை வெடி என்று எண்ணவும் முடியாது. 313ஆம் ஃபிரேமில் தலையில் குண்டு பாய்கிறது. அந்த நொடியில் தலை கொஞ்சம் முன்னால் போய், பிறகு பின்னால் சாய்கிறது. பின்னால் சாய்ந்ததால் முன்னாலிருந்து சுட்டான் என்கிறது ஒரு கூட்டம். லூயிஸ் ஆல்வாரஸ், நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி, முலாம்பழத்தை டேப் சுற்றிச் சுட்டுப் பார்த்து, பின்னாலிருந்து சுட்டாலும் அப்படிச் சாயும் என்றார். அதே படம்தான்! ஆணையம் 1964இல் அச்சிட்ட தொகுதியில் 314ஆம் ஃபிரேமும் 315ஆம் ஃபிரேமும் இடம் மாறிவிட்டன. அச்சுப்பிழை என்று பின்னால் விளக்கம் வந்தது. 1999இல் அந்த ஃபிலிம் சுருளுக்கு அமெரிக்க அரசு 1 கோடியே 60 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க முடிவானது. வாக்குவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

செயினுக்கு வருகிறேன். ஆடிச் சீருக்காகப் பித்தளை அடுக்கைத் திறந்தோம். பச்சரிசிக்குள் சிவப்பு டப்பா. கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று பயந்து அத்தைதான் அதில் போட்டு, அடுத்த வேலையில் மறந்தே போயிருக்கிறார்.

நடுவர் அவர்களே, படமெடுத்த சப்ரூடர் அதை லைஃப் பத்திரிகைக்கு விற்றார். ஆனால் அந்த 313ஆம் ஃபிரேமை மட்டும் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆணையத்துக்குச் சாட்சி சொல்லும்போது உடைந்து அழுதார். எட்டு மில்லிமீட்டர் கேமரா அழவில்லை. சுட்டது யாரென்று அந்த அழுகை சொல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அங்கே ஒரு மனிதன் செத்தான் என்பதை அந்த அழுகையில்தான் நான் கேட்கிறேன், எந்த ஃபிரேமிலும் இல்லை.

அப்பா செயினோடு முதுநகர் போனார். வாசலிலேயே நின்றார். மாமா கேட்டது ஒன்றுதான்: "அந்தக் கேசட்டை என்கிட்ட குடுத்துடுங்க மச்சான்." பிய்த்துப் போடத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தார் அப்பா. எங்கள் வீட்டுப் படியை மாமா அதன்பிறகு மிதிக்கவில்லை.

அவர் காரியத்தன்று பீரோவைத் திறந்தோம். கேசட் இருந்தது, முழுசாக. மேலே மாமா கையெழுத்தில் ஒட்டியிருந்த சீட்டில் என் அக்கா பேரும் கல்யாணத் தேதியும்.

வணக்கம்.