வன்னி வளவும் வருகிற விருந்தாளியும்

நேயர்களுக்கு வணக்கம்.

வவுனியாவில் இருந்து வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினால், நடத்துனர் கூப்பிடுகிற ஊர்ப் பெயர்கள் நாற்றுமேடைக் கணக்குப் போல இருக்கும். புளியங்குளம், மாங்குளம். மன்னார் வீதியில் திரும்பினால் வேப்பங்குளம், பூவரசங்குளம். மடுப் பக்கம் உள்ளே போனால் இலுப்பைக்குளம், விளாத்திக்குளம். ஒரு மரம், ஒரு குளம், அவ்வளவுதான். பெயர் வைத்தவர்கள் வேறு எதையும் தேடவில்லை. இந்த இரண்டும் இருந்தால் மனிதர் எப்படியோ இருந்துகொள்வார் என்று நினைத்திருக்கிறார்கள் போலும்.

பாரம்பரியத் தோட்டங்களையும் சுற்றுலாவையும் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டதைப் பக்கத்து வளவுக்காரரிடம் சொன்னேன். "தோட்டமோ? எங்கட பக்கம் என்ன தோட்டம் கிடக்கு ஐயா, மிளகாயும் வெங்காயமும்தானே" என்றார். சரிதான். நம்முடைய பேச்சில் தோட்டம் என்றால் சந்தைக்குப் போகிற பயிர். மலைநாட்டில் என்றால் தேயிலை. வீட்டைச் சுற்றி இருப்பதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் வளவு. நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த வளவைப் பற்றி. விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்த காலத்தில் ஆயிரம் வளவுகளுக்குள் போய் வந்திருப்பேன். ஆனால் மனதில் நிற்பது முள்ளியவளைப் பக்கத்தில் இருந்த என் அம்மம்மாவின் வளவுதான்.

ஆடி மாதத்து மத்தியானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சோழகம் வீசுகிறது. வீதிப் புழுதி முழுவதும் முகத்தில். படலையைத் திறந்து உள்ளே காலை வைக்கிறீர்கள். நாலு அடி நடப்பதற்குள் பிடரியில் ஒரு குளிர்மை தட்டும். மேலே வேம்பும் பூவரசும், காலடியில் காலையில் கூட்டித் தண்ணீர் தெளித்த முற்றம். மின்விசிறியே வராத காலம் அது. அந்தக் குளிர்மை தற்செயலாக வந்ததில்லை என்பது எனக்கு விளங்க நெடுங்காலம் எடுத்தது.

வேலியைப் பார்ப்போம். சோழகம் வருகிற பக்கத்தில் வேலி இரட்டை வரிசை. வெளிவரிசை ஆடாதோடை. பெயரே சொல்கிறதே, ஆடு தொடாது. தெருவில் மேய்கிற ஆடு மாடு எதுவும் அதில் வாய் வைக்காது. உள்வரிசை கிளுவை. கிளுவை கெட்டிக்கார மரம். கோடை முற்றியதும் இலையை உதிர்த்துவிட்டு வெறும் கம்பாக நிற்கும், மழை விழுந்ததும் தளிர்க்கும். அப்படி நின்றால் கோடையில் காற்றை மறிப்பது யார்? அதற்காகத்தான் இடையிடையே பூவரசு. அது கோடையிலும் பச்சையாக நிற்கும், ஆட்டுக்குக் குழையும் தரும். மிஞ்சுகிற குழை வயலுக்குப் பசளை. அடியில் இருக்கும் இடைவெளியைப் பனையோலை வைத்து அடைத்துவிடுவார்கள். காற்றை முழுதாக மறிக்காமல் வடிகட்டி விடுகிற வேலி. மதில் கட்டினால் காற்று ஏறிக் குதித்து உள்ளே சுழலும். இப்போது மதில் கட்டுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிப் பார்க்கிறேன், கேட்பார் இல்லை.

அடுத்தது கிணற்றடி. குளிக்கிற கல்லில் விழுந்த தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகும். வாழை குடித்து மிஞ்சியது பள்ளத்தில் வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும். குசினிப் பக்கத்துத் தண்ணீர் தென்னைக்கு. அந்தத் தென்னையைச் சுற்றி வெட்டிய குழியில் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண் போட்டு மூடியிருப்பார் அம்மம்மா. ஒவ்வொரு மட்டையும் ஒரு சிரட்டை போல ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிறகு நான் பயிற்சிக்குப் போனபோது இதையே கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தார்கள். சிரிப்பு வந்தது.

எல்லைக் கரையில் பனை. அதற்கு யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. முருங்கை மட்டும் வீட்டில் இருந்து தள்ளி நிற்கும். கார்த்திகை மார்கழியில் புயல் அடித்தால் முதலில் முறிவது அதன் கொப்புத்தான், கூரையில் விழக்கூடாது. வீட்டுக்கு மண் உயர்த்தவென்று வெட்டிய பள்ளத்திலும் வாழைதான். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் வந்தபோது, பழைய முறையில் மண் உயர்த்திக் கட்டிய வீடுகளின் அருமையைப் பலர் உணர்ந்தார்கள்.

இவ்வளவும் நிற்பது குளத்தின் தயவில். வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். யாழ்ப்பாணத்தில் அடியில் சுண்ணாம்புக்கல், அது தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும். வன்னியில் பெரும்பாலான இடங்களில் அடியில் கருங்கல். கிணறு தோண்டினால் ஊறுகிற தண்ணீர், பக்கத்துக் குளத்தில் இருந்து மண்ணுக்குள்ளால் கசிந்து வருவது. குளம் வற்றினால் சில நாட்களில் கிணறும் கீழே போகும். ஆகவே வளவைக் குளத்தில் இருந்து பிரித்துக் காட்ட முடியாது. குளக்கட்டில் மருதமரம், தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசு, வாய்க்கால், வயல், மேட்டில் வீடுகள், வீட்டைச் சுற்றி வளவு. எல்லாம் ஒரே ஏற்பாடு. இலங்கை உலர்வலயத்தின் தொடர்குளங்களையும் அவற்றைச் சேர்ந்த கிராமங்களையும் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமை என்று ஏற்றுக்கொண்டது. அதைப் பார்க்க வருகிறவர்கள் அனுராதபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். உலர்வலயம் அதற்கு வடக்கேயும் இருக்கிறது.

இப்படியான இடத்தைக் காட்டிப் பிழைக்க முடியுமா என்று கேட்பீர்கள். ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கில் எல்சே என்று ஒரு நகரம். மழை குறைவு, பாய்ச்சக் கிடைக்கிற தண்ணீரிலும் உப்பு. முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் அங்கே வாய்க்கால் வெட்டி, காணியின் எல்லை நெடுகப் பேரீச்ச மரங்களை வரிசையாக நட்டார்கள். அந்த நிழலுக்குள் மாதுளை முதலானவற்றைப் பயிரிட்டார்கள். நம்முடைய பனை எல்லை மாதிரியே. இன்றைக்கு 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் அதைச் சேர்த்தது. உலகத்தவர் காசு செலவழித்துப் போய்ப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது இன்னொரு விஷயம். குருத்தோலை ஞாயிறுக்கென்று அங்கே மரத்தின் குருத்துகளை வெயில் படாமல் கட்டி மூடி வெளுக்க வைக்கிறார்கள். பிறகு அந்த வெள்ளை ஓலையில் நுணுக்கமாகப் பின்னல் வேலை செய்கிறார்கள். மன்னாரில் குருத்தோலை பின்னுகிற பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒரு மணித்தியாலத்தில் வேலையைப் பிடித்துவிடுவார்கள்.

சரி, வன்னிக்கு ஆட்கள் வரவில்லையா? வருகிறார்கள். யாழ்ப்பாணம் போகிற வாகனங்களில் பெரும்பாலானவை முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்றுதான் போகும். தேங்காய் உடைப்பது, கச்சான் வாங்குவது, பத்து நிமிடம். ஆவணியில் மடுத் திருவிழா, அதே காலத்தில் நல்லூர். வெளிநாட்டில் இருக்கிற நம்முடைய ஆட்கள் வருவதும் அப்போதுதான். அதற்கு முன்னால், யுத்தம் முடிந்த கையோடு வந்த சுற்றுலா எப்படிப்பட்டது என்று நேயர்கள் உங்களுக்கே தெரியும். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் முன்னால் நின்று குடும்பத்தோடு படம் எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்த மண்ணில் தண்ணீரைப் பற்றிக் காட்ட அதைவிட எத்தனையோ இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முந்தி கனடாவில் இருந்து ஒரு சொந்தக்காரக் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. எட்டு வயதுப் பெண்பிள்ளை. கோயில், கடற்கரை எல்லாம் காட்டினோம், பிள்ளை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வேலிக்கரையில் நின்று கத்தினாள்: "அம்மா, இஞ்ச வேலி வளருது!" வேலிக்கு நட்ட உயிர்த்தடி, அதுதான் கதியால், ஒன்றில் தளிர் விட்டிருந்தது. அதற்குப் பிறகு பின்னேரம் வரை அவளை வீட்டுக்குள் எடுக்க முடியவில்லை. பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்டது, அதற்கும் ஒரு சிரிப்பு.

அந்தப் பிள்ளை பார்த்ததைத்தான் காட்ட வேண்டும் என்கிறேன். வருகிறவருக்கென்று புதிதாகத் தோட்டம் போடுகிறோமே, அங்கேதான் பிழை. ஒரு விடுதியில் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்று வேண்டாம். முன்வாசலில் அரை ஏக்கர் புல்தரை. புரட்டாசி மாதம், பக்கத்துக் கிராமத்தில் குடிதண்ணீர் பவுசரில் வந்துகொண்டிருக்கிறது, இங்கே பகல் வெயிலில் தெளிப்பான் சுற்றுகிறது. புல்லில் கால் வைக்கக் கூடாது என்று பலகை வேறு. நிற்க நிழல் இல்லை. சுவர் நெடுகக் கடதாசிப்பூ வைத்திருந்தார்கள், அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது கோடையைத் தாங்கும். ஆனால் அந்தப் புல் குடித்த தண்ணீரில் ஒரு கிணற்றடி வாழைத்தோப்பே நின்றிருக்கும். கூட்டத்தின் தலைப்பு பேண்தகு சுற்றுலா.

தோட்டம் கொடுக்க வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 2010இல் சனங்கள் முகாம்களில் இருந்து திரும்பி வந்தபோது பல வளவுகளில் மிஞ்சியிருந்தது தலையில்லாத தென்னையும் தூர்ந்த கிணறும்தான். பனை மட்டும் காயத்தோடு நின்றது. அந்த நேரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் வீட்டுக்கு இருபது கன்று என்று லொறியில் இறக்கியது. எல்லா வீட்டுக்கும் ஒரே வகை, மாதம் ஆனி. கிணறு இறைத்துத் துப்புரவாக்கவே இல்லை. ஒரு வயதான அம்மா அந்த இருபது கன்றையும் வேப்ப மரத்தடியில் நெருக்கி வைத்து, ஓலையால் மூடி, ஐப்பசி மழை விழும்வரை குளித்த தண்ணீரை மட்டும் தெளித்துக் காப்பாற்றினார். பதினாலு தப்பியது. ஊரில் மற்றவர்கள் அன்றைக்கே நட்டார்கள், எல்லாம் கருகியது. விருந்தாளிக்கு வளவைச் சுற்றிக் காட்டுவதற்கு ஆள் தேடுகிறவர்கள் அந்த அம்மாவைத் தேட வேண்டும். அவரிடம் சான்றிதழ் கேட்கக் கூடாது.

எப்படிச் செய்யலாம்? எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு ஊரில் நாலைந்து வீடு சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளுக்கு ஒரு வான், அதற்கு மேல் வேண்டாம். குளக்கட்டில் தொடங்கி வாய்க்கால் ஓரமாக நடந்து வளவுக்கு வரட்டும். சாப்பாடு வளவில் அன்றைக்கு இருப்பது: முருங்கையிலை வறை, மரவள்ளி, வாழைப்பொத்திச் சம்பல், ஒடியல் கூழ் கிடைத்தால் அது. காசு சமைத்தவர் கையில். வான் நிறுத்தவென்று முற்றத்துக்குச் சீமெந்து பூசத் தேவையில்லை. மரத்தில் ஆணி அடித்துப் பெயர்ப்பலகை தொங்கவிடவும் வேண்டாம். பெயரைக் கேட்டால் வாயால் சொல்லலாமே. வருகிறவர் ஆடி ஆவணி வெயிலில் வருகிறாரே என்று கவலைப்படவும் தேவையில்லை. வளவு என்ன செய்கிறது என்று உடம்புக்கு விளங்குவது அந்த மாதங்களில்தான்.

ஒருவரும் வராவிட்டாலும் வளவு நட்டம் இல்லை. 2022இல் எரிவாயுவும் டீசலும் இல்லாமல் நாடு வரிசையில் நின்றபோது, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை நட்டது சனிக்கிழமை காய்க்காது. வளவு வைத்திருந்தவர்கள் முருங்கையிலும் மரவள்ளியிலும் அந்த வருடத்தைத் தள்ளினார்கள்.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். உண்மைதான். மாங்காய் பிஞ்சிலேயே போகிறது, குரும்பையைப் பிடுங்கி எறிகிறது. காட்டோரம் என்றால் யானையும் வருகிறது. இதற்கு என்னிடம் மருந்து இல்லை. அம்மம்மா காலத்தில் வளவில் எந்த நேரமும் நாலு பேர் இருந்தார்கள், ஒரு நாய் இருந்தது. இப்போது பிள்ளைகள் கொழும்பில் அல்லது வெளியில், வீட்டில் இரண்டு வயதானவர்கள். வாரத்தில் இரண்டு நாள் வளவுக்குள் வேற்று ஆட்களின் சத்தம் கேட்டாலே குரங்கு கொஞ்சம் யோசிக்கும் என்று பக்கத்து வளவுக்காரர் சொல்கிறார். சுற்றுலாவுக்கு அவர் கண்டுபிடித்த ஒரே பயன் அதுதான்.

நேரம் முடிகிறது. புரட்டாசிக் கடைசியில் எங்கள் வேலியில் கிளுவைக் கதியால் வெட்டுவோம், மழைக்கு முன் நட்டால் பிடித்துவிடும். ஆடாதோடைத் தடியும் இருக்கிறது. வேண்டியவர்கள் நிலையத்துக்கு ஒரு தபாலட்டை போட்டுச் சொல்லிவையுங்கள். காசு வேண்டாம், கத்தியை மட்டும் கொண்டுவாருங்கள். எங்கள் வீட்டுக் கத்தி மொட்டை.

வணக்கம்.