தோற்ற குதிரைக்குக் கூடிய கூட்டம்

தலைவர் அவர்களே, மழையிலும் வந்து சேர்ந்த வட்டாட்சியர் ஐயா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு அலுத்துப்போன நூலகர் அம்மா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று அவர் கரும்பலகையில் எழுதிப்போட்டதுதான் இன்றைக்கு என்னைப் பேச வைக்கிறது.

ஜப்பான் குதிரைப் பந்தயத்தில் மூன்று விஷயம் சொல்கிறேன். பந்தய முறை, பணம் கட்டி வாங்கும் பந்தயச் சீட்டின் கணக்கு, ஓடி முடித்த குதிரைகளின் கதி. முறை என்றால், வடக்கே ஒபிஹிரோவில் கனத்த குதிரைகள் இரும்புச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு இரண்டு மேடு ஏறும். மொத்தமே 200 மீட்டர்தான், மேட்டடியில் மூச்சு வாங்க நின்று நின்று ஏறும்.

அப்புறம், கோச்சி. கேரளத்துக் கொச்சி இல்லை, ஜப்பானின் ஷிகோகு தீவில் பந்தய மைதானம் உள்ள ஊர். அங்கே நான் போனதே ஹரு உராரா என்ற பெட்டைக் குதிரையின் கதையைக் கேட்டுத்தான். 113 பந்தயம் ஓடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஆனாலும் முகத்தில் இளஞ்சிவப்பு ஹலோ கிட்டி பூனைப் பொம்மை முகமூடியோடு ஓடியது. கடனில் மூழ்கி மூடப்போன மைதானத்துக்குக் கூட்டம் வந்தது இவளால்தான். அவள் பேரில் வாங்கிய சீட்டை ஜனங்கள் பணமாக்கவா வாங்கினார்கள்? விபத்து வராமல் காக்கும் தாயத்தாகக் காரில் தொங்கவிட்டார்கள்! சீட்டும் அடிக்காது, வண்டியும் அடிக்காது; அவர்கள் மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். 2004 மார்ச் 22 அன்று நாட்டின் பெரிய ஜாக்கி யுதாகா தகே அவள்மேல் ஏறினார். சுமார் 13,000 பேர் கொட்டும் மழையில் நின்று பார்த்தார்கள். 11 குதிரையில் பத்தாவதாக வந்தாள், கைதட்டல் ஓயவில்லை.

சரி, அதற்கப்புறம்? ஓட்டம் நின்றதும் சில காலம் அவள் எங்கே இருக்கிறாள் என்றே ரசிகர்களுக்குத் தெரியவில்லை. பிறகு சிபாவில் ஒரு பண்ணையில் இருப்பது தெரிந்து, ரசிகர்களே சங்கம் சேர்ந்து தீவனத்துக்குப் பணம் கட்டினார்கள். இத்தனை பேர் பார்த்த குதிரைக்கே இந்த நிலை என்றால், பேர் தெரியாத குதிரைகளுக்கு யார் புல் போடுவார்கள்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை, ஐயா! அதன் கால் உழைப்பில் நாம் சாப்பிட்டிருக்கிறோம்.

நம் ஊரிலும் பந்தயச் சீட்டில் ஒரு பங்கை ஓய்வுபெற்ற குதிரைகளுக்கு எடுத்து வைக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். சீட்டுக் கணக்கை இன்னொரு நாள் பேசலாம். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.