முதலில் பந்தை நிறுத்தட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சேலத்தில் பி.டி. மாஸ்டராகவே காலத்தைக் கழித்த ஆள் நான். கோல் போடுவதைப் பற்றி இன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசப்போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைக்கு முதலில் வர வேண்டியது, வருகிற பந்தைத் தன் காலடியில் நிறுத்துவது. பந்து காலில் நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்க்க முடியும். பார்த்தால்தான் யாருக்குக் கொடுப்பது என்று தெரியும். நிறுத்தத் தெரியாத பிள்ளை மேட்ச் முழுக்கப் பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

"எங்க பையன் உதைச்சா பந்து ரோட்டைத் தாண்டிடும் சார்" என்று பெருமையாகச் சொல்கிற அப்பாக்கள் உண்டு. தாண்டட்டும், சந்தோஷம். ஆனால் ரோட்டைத் தாண்டிய பந்தைப் போய் எடுத்து வர ஐந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்குள் பக்கத்தில் இருக்கிற பிள்ளை தன் பந்தை நூறு தடவை தொட்டிருக்கும்.

சரி, பந்திலிருந்து தொடங்குவோம். கடையில் ஃபுட்பால் என்று கேட்டால் பெரும்பாலும் 5ஆம் நம்பர் பந்தை எடுத்து நீட்டுவார்கள். அது பெரியவர்கள் ஆடுகிற பந்து. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் காலுக்கு அது பாரம். எட்டு வயதுக்குள் என்றால் 3ஆம் நம்பர், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4ஆம் நம்பர், அதற்கு மேல்தான் 5ஆம் நம்பர். அண்ணன் பந்து வீட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று அதையே தம்பியிடம் கொடுத்தால், பாரம் தாங்காமல் அவன் நுனிக்காலால் குத்த ஆரம்பிப்பான். விரலும் வலிக்கும், நுனிக்காலால் அடிக்கிற பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிறகு மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அடுத்தது காற்று. நம்ம ஊர் மைதானம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும்தான். வெயில் காய்ந்தால் இறுகிப்போய்விடும். அந்தத் தரையில், காற்று முட்ட அடித்த பந்து தவ்விக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கே பிடிபடாது, பிள்ளைகள் என்ன செய்யும்? கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போக வேண்டும், அந்த அளவு காற்று போதும். பம்ப் ஊசியைக் காய்ந்தபடியே வால்வில் குத்தாதீர்கள். ஒரு சொட்டு கிளிசரின், இல்லாவிட்டால் தண்ணீராவது தொட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வால்வு கிழிந்து மறுநாளே பந்து சப்பிப்போகும். வெயிலில் பந்தைப் போட்டுவைக்கவும் கூடாது. உள்ளே இருக்கிற காற்று சூடேறி, பந்து விறைத்துவிடும்.

பந்து வாங்கப் பணம் இல்லையென்றாலும் பயிற்சி நிற்க வேண்டியதில்லை. பிரேசிலின் பெலே சின்ன வயதில் காலுறைக்குள் காகிதத்தையும் கந்தலையும் திணித்துக் கட்டித்தான் பந்தாடினார். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓடுகிற வீடுகளில் நூல் கழிவுக்கா பஞ்சம்? பழைய காலுறையில் இறுக்கி அடைத்து வாயைத் தைத்துவிட்டால் பந்து தயார். அது தவ்வாது, ரொம்ப தூரம் உருளாது. அதனாலேயே ஆரம்பத்துக்கு அது தோது. மொட்டைமாடியிலேயே பழகலாம், கீழ்வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார்.

ஷூ விஷயத்தில்தான் பெற்றோர் அதிகம் செலவு செய்கிறார்கள். ஸ்டட், அதாவது அடியில் குமிழ் குமிழாகப் பிடிமானம் வைத்த ஷூ புல்தரைக்கு ஆனது. கட்டாந்தரையில் ஸ்டட் பதியாது, கால்தான் பிசகும். அடிப்பாகம் தட்டையாக இருக்கிற சாதாரண கேன்வாஸ் ஷூ போதும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் இந்திய அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடுதான் பிரான்ஸை எதிர்த்து ஆடினார்கள். 2-1 என்று தோற்றாலும் ஆட்டம் அவ்வளவு நெருக்கம். நமக்கு விழுந்த அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அதற்காகச் சரளையில் பிள்ளையை வெறுங்காலோடு விடச் சொல்லவில்லை. ஷூ விலைக்கும் ஆட்டத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். முதல் சில நாள் பந்தை எங்கேயும் அனுப்ப வேண்டாம், நின்ற இடத்திலேயே பழகட்டும். பந்து முன்னால் இருக்கும். பாதத்தில் விரல்களுக்கு அடியில் சதைப்பற்றாக இருக்கிறதே, அந்த இடத்தால் பந்தின் உச்சியை லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். வலது, இடது, வலது, இடது. பந்து அசையக் கூடாது. பிள்ளைகள் எடுத்தவுடன் பந்தின் மேல் ஏறி நிற்கப் பார்க்கும், அடுத்த நொடி தரையில் உட்கார்ந்திருக்கும். "மிதிக்காத கண்ணு, தொட்டுட்டு எடு" என்றால் புரிந்துகொள்ளும். அப்புறம் இரண்டு பாதங்களின் உட்பக்கத்தாலும் பந்தை நடுவில் வைத்து இங்கும் அங்கும் தட்டுவது. அதற்கடுத்து உள்ளங்காலால் முன்னும் பின்னும் உருட்டுவது. முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். விறைத்த காலில் பந்து தங்காது.

இதையே செய்துகொண்டிருந்தால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். "சார், எப்ப சார் மேட்ச்?" என்று நச்சரிப்பார்கள். அதனால் விளையாட்டாக மாற்றிவிடுவேன். எல்லோரும் பந்தைத் தட்டிக்கொண்டே மைதானத்தில் சுற்ற வேண்டும். நான் "முட்டி!" என்றால் பந்தை நிறுத்தி அதன் மேல் முட்டியை வைக்க வேண்டும். "முழங்கை!" என்றால் முழங்கை, "காது!" என்றால் காது. காது என்றதும் அத்தனை பேரும் தரையில் படுத்துவிடுவார்கள், சட்டையெல்லாம் செம்மண். வீட்டில் துவைக்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் காதை வைக்க வேண்டுமென்றால் முதலில் பந்து நின்றாக வேண்டும். வேகமாகத் தட்டிவிட்டு ஓடுகிறவன் கடைசியில் வருவான். சின்னதாகத் தட்டிப் பந்தைப் பக்கத்திலேயே வைத்திருப்பவள் முதலில் முடிப்பாள். யாரும் சொல்லாமலே அடுத்த சுற்றில் எல்லோரும் சின்னதாகத் தட்டுவார்கள்.

அடுத்துதான் டிராப், அதாவது வருகிற பந்தை வாங்கி நிறுத்துவது. இதில் கொஞ்சம் பொறுமையாக நிற்க வேண்டும். பத்தடி தள்ளி நின்று பந்தை மெதுவாக உருட்டிவிடுங்கள். பந்து எந்தக் கோட்டில் வருகிறதோ அதற்கு நேராகப் பிள்ளை நகர்ந்து வர வேண்டும். சோம்பேறித்தனமாக நின்ற இடத்திலிருந்து காலை மட்டும் நீட்டுவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். ஊன்றிய காலின் முட்டி மடங்கியிருக்கட்டும். வாங்குகிற காலின் பாதம் வெளிப்பக்கம் திரும்பி, விரல்கள் கொஞ்சம் மேல்நோக்கி இருக்க வேண்டும். அந்தப் பாதத்தை எவ்வளவு உயரம் தூக்குவது என்பதில்தான் பாதிப் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். பந்தின் நடுமட்டத்துக்குத் தூக்கினால் போதும். அதிகம் தூக்கினால் பந்து அடியில் நுழைந்து போய்விடும். தரையோடு தரையாக வைத்தால் பாதத்தின் மேலேறித் துள்ளும்.

அப்புறம், பந்து படுகிற அந்த நொடி. கட்டட வேலை நடக்கிற இடத்தில் செங்கல்லைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவர் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கமாட்டார். கல் கையில் விழும்போதே அதன் போக்கில் கையையும் தாழ்த்தி வாங்குவார். கால் செய்ய வேண்டியதும் இதுதான். பந்து பட்டதும் காலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தால், வேகம் ஒரே இடியில் திரும்பாமல் கொஞ்ச தூரத்தில் கரைந்துவிடும். கணுக்கால் மட்டும் தொங்கக் கூடாது. தளர்வு இடுப்பிலிருந்தும் முட்டியிலிருந்தும் வரட்டும். இது கைவந்த பிறகு, பந்தை அப்படியே காலடியில் போடாமல், போக வேண்டிய பக்கம் ஓரடி தள்ளி நிறுத்தப் பழக்குங்கள். எதிராளி வருவதற்குள் கிளம்பிவிடலாம். எல்லாவற்றையும் இடது காலிலும் செய்ய வேண்டும். எட்டு வயதில் இடது கால் சொன்னபடி கேட்கும், பதினைந்து வயதில் அடம்பிடிக்கும்.

உருட்டிவிட ஆள் இல்லையென்றால் சுவர் இருக்கிறது. ஏற்காட்டில் அதுகூட வேண்டாம். மலைமேல் சமதரை கிடைப்பதே அரிது. கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டால் பந்து சரிவில் இறங்கிக் காப்பிச் செடிகளுக்குள் போய்விடும். இதை ஒரு குறையாக அங்குள்ளவர்கள் சொல்வார்கள். எனக்கு அது வசதியாகத்தான் படுகிறது. மேட்டைப் பார்த்து நின்று பந்தை மேலே தட்டினால் தானாகவே திரும்பி வரும், ஒற்றைப் பிள்ளை நாள் முழுக்கப் பழகலாம். காலையில் புல் ஈரமாக இருக்கும்போது பந்து தவ்வாமல் வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். கீழே சேலத்துக் கட்டாந்தரையில் அதே பந்து முட்டி உயரத்துக்கு எழும். மலைப்பிள்ளை இங்கே வந்தால் தவ்வலில் திணறும், நம்ம பிள்ளை அங்கே போனால் வழுக்கலில் திணறும். முடிந்தால் இரண்டு தரையிலும் ஆடவிடுங்கள்.

பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதற்கு கோன் வாங்க வேண்டியதில்லை, கழற்றிப் போட்ட செருப்புகளை வரிசையாக வைத்தால் போதும். ஓடும்போது நான் எதிரே நின்று கைவிரல்களைக் காட்டுவேன். பிள்ளை எத்தனை விரல் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். பந்தையே பார்த்துக்கொண்டு வந்தால் மாட்டிக்கொள்ளும்.

ஜக்கிளிங் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். பந்தைக் கீழே விடாமல் எத்தனை தடவை தட்டினான் என்று போனில் படம் எடுப்பதில் அவர்களுக்கு ஒரு ஆசை. நல்ல பயிற்சிதான், ஆனால் மேட்சில் யாரும் அப்படி நின்று தட்டவிடப்போவதில்லை. புறங்காலால் ஒரு தட்டு, தரையில் ஒரு தவ்வல், மறுபடி ஒரு தட்டு என்று தொடங்கட்டும்.

போனில் பார்த்துவிட்டு வித்தை கற்றுக்கொடுங்கள் என்று வருகிற பிள்ளைகளுக்கு கிராய்ஃப் திருப்பத்தைச் சொல்லித்தருவேன். 1974 உலகக் கோப்பையில் டார்ட்மண்ட் நகரில் நெதர்லாந்தும் சுவீடனும் மோதின. நெதர்லாந்தின் யோஹன் கிராய்ஃப் பந்தை உள்ளே அடிக்கப்போகிறவர் போலக் காலை ஓங்கினார். தடுக்க வந்த யான் ஓல்சன் அதை நம்பினார். கிராய்ஃப் அடிக்கவில்லை. பாதத்தின் உட்பக்கத்தால் பந்தை ஊன்றிய காலுக்குப் பின்னால் இழுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் திரும்பிப் போய்விட்டார். அந்த மேட்சில் யாருமே கோல் போடவில்லை, ஆனால் அந்தத் திருப்பம் அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் அதில் இருப்பது உட்பக்கத்தால் ஒரு தட்டுதான். முதல் வாரம் பந்தை நடுவில் வைத்து இங்கும் அங்கும் தட்டிய பிள்ளைக்கு அது பாதி தெரியும்.

தலையால் முட்டுவது மட்டும் இந்த வயதில் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதை 2015இல் தடை செய்தார்கள். இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து 2020இல் எடுத்துவிட்டார்கள். வளர்கிற மூளை, எதற்கு வம்பு?

சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். நடுவில் தண்ணீர் குடிக்கவிடுங்கள். மேட்ச் வேண்டும் என்று அழுதால், பெரிய மைதானத்தில் பதினொரு பேர் வேண்டாம். பக்கத்துக்கு நான்கு பேர், சின்ன இடம், எல்லோர் காலுக்கும் பந்து வரும்.

கோடை விடுமுறையில் பயிற்சி முகாம் தேடுகிறவர்கள் நம்ம ஊர் மகாத்மா காந்தி விளையாட்டரங்கத்தில் விசாரிக்கலாம். தனியார் பயிற்சிக்கூடங்களும் இருக்கின்றன. எங்கே சேர்ப்பதானாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை பந்து என்று எண்ணுங்கள். இருபது பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரே பந்துக்குக் காத்திருந்தால், வேறு இடம் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.