நாகராசா: வன்னியில் வீட்டுக்கு வீடு ஒருவர்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி கண்டாவளைப் பக்கம் நிற்கிறேன். எனக்குப் பின்னால் தெரிவது புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில்; பாம்பு வடிவத் தெய்வம்தான் இந்தத் தம்பிரான். பங்குனி உத்தரப் பொங்கலுக்கு வந்தால் இந்த இடத்தில் நின்று பேசவே முடியாது, அவ்வளவு சனம்.

இன்றைய பெயர் நாகராசா. இந்தக் கூட்டத்தில் "நாகராசா அண்ணை" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள், பலர் திரும்புவார்கள். நாகலிங்கம், நாகேந்திரன், நாகமணி என்று தேடினால் இன்னும் பலர் வருவார்கள். பொருள் எளிது: நாகங்களின் அரசன். ஆனால் பொருள் பார்த்து இதை வைத்தவர் குறைவு. பிள்ளை இல்லாதவர்கள் நேர்த்தி வைப்பார்கள். பிறந்தால் தம்பிரானின் பெயர்தான். நேர்த்திக்கு வேறு காரணமும் உண்டு. இந்த வரம்பைப் பாருங்கள், கமராவைக் கிட்டக் கொண்டு போகிறேன். ஓரத்தில் புற்று, அதன் வாயில் காய்ந்த மஞ்சளும் ஒரு முட்டை ஓடும். இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருக்குத் தம்பிரானோடு பகை கட்டுமா?

"அது கிழவர்களின் பெயர்" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கிழவர்தான், மறுக்கவில்லை; வயது ஈராயிரத்தைத் தொடும். புறநானூற்றின் இரண்டாம் பாட்டைப் பாடியவர் முரஞ்சியூர் முடிநாகராயர். மருதன் இளநாகனார் இன்னொரு சங்கப் புலவர். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்லும் அநுராதபுர அரசர்களிலும் இளநாகன், சிறிநாகன் வருகிறார்கள். வடமராட்சி வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு நாகதீவம் என்று ஒரு நிலப்பகுதியையே குறிப்பிடுகிறது. இப்போது எண் கணிதம் பார்த்து, 'ஷ்' என்று முடியும்படி வைக்கும் பெயர்களை அப்பம்மாவால் கூப்பிடக்கூட முடிவதில்லை. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

சிறிய பெயர்தான் வேண்டும் என்றால் நாகன் என்றே வையுங்கள். மூன்றே எழுத்து, எந்தப் படிவத்திலும் அடங்கும். நேர்த்தியும் தீரும்.

அடுத்து வற்றாப்பளைக்குப் போகிறேன், கண்ணகை அம்மனின் பெயர் வைத்த பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேச. உங்கள் வீட்டில் ஒரு நாகராசா இருந்தால், யாருடைய நேர்த்தி என்று அவரிடமே கேட்டுவையுங்கள்.