ஈசிஜி நார்மல், ஆள் நார்மலா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆணின் மனநலத்தைக் கெடுப்பது வேலைச் சுமையா, 'ஆம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும்' என்ற எதிர்பார்ப்பா? எதிர்பார்ப்புதான் என்பது எங்கள் அணி.

எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டார்: "ஆம்பளைக்கு மனசே கிடையாது, அப்புறம் என்ன மனநலம்?" நீங்களும் கைதட்டினீர்கள். தட்டியதில் பாதிப் பேர் ஆண்கள். பக்கத்தில் மனைவி இருக்கும்போது வேறென்ன செய்வது!

என் நண்பருக்கு நெஞ்சில் பாரம். மனைவிதான் டாக்டரிடம் இழுத்துப் போனார்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லை சார்."

"தூக்கம்?"

"நல்லா வருது."

"எங்கே வருது? ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து ஃபேனையே பார்க்கிறாரு டாக்டர்!"

"கோபம் வருமா?"

"சேச்சே, வராது சார்."

அந்த அம்மா இதற்குப் பதிலே சொல்லவில்லை. பையைத் திறந்து, இரண்டாக உடைந்த டிவி ரிமோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஈசிஜி எடுத்தார்கள். "இதயம் நல்லா இருக்கு, மனநல மருத்துவரைப் பாருங்க" என்றார் டாக்டர். மனிதருக்கு முகம் செத்துவிட்டது! வெளியே வந்து எனக்குப் போன்: "ஒரு சின்ன அடைப்பாவது இருந்திருக்கலாம்டா. ஆபீஸ்ல கௌரவமா சொல்லியிருப்பேன்." அடைப்பு கௌரவமாம் நடுவர் அவர்களே, அழுகை கேவலமாம்!

சகோதரி, மனசு இல்லாதவர் பேசுகிற பேச்சா இது? சோகத்தைச் சோகமாகக் காட்டினால் சிரிக்கிறீர்கள். அது கோபமாக வருகிறது, குடியாக வருகிறது, முதுகுவலியாகக்கூட வருகிறது. மனச்சோர்வு பெண்களுக்குத்தான் அதிகம் என்றீர்கள். கண்டறியப்படுவது அவர்களிடம் அதிகம், சரி. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்கில், தற்கொலையால் இறந்தவர்கள் லட்சத்துக்குப் பெண்கள் 5.4, ஆண்கள் 12.6. வேலைச் சுமை என்றீர்களே, 19,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. 'யாரிடமும் உதவி கேட்க மாட்டேன்' என்ற பிடிவாதம் மோசமான மனநலத்தோடு நன்றாகவே ஒட்டி வந்தது. வேலைக்கே முதலிடம் தருவது அப்படி ஒட்டி வரவில்லை. போதுமா?

மணி அடிக்கிறீர்கள். ஒரே ஒரு நிமிடம் நடுவர் அவர்களே.

ஒரு சாவு வீடு. அப்பா போய்விட்டார். பத்து வயதுப் பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். வருகிறவர் எல்லாரும் பாசமாகத்தான் சொல்கிறார்கள்: "அழாதேடா, இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை." தோளில் தட்டித் தட்டிச் சொல்கிறார்கள். அவனும் அழவில்லை. பெற்ற அப்பனுக்கு அன்றைக்கே அழக் கூடாதென்றால், அந்தப் பிள்ளை இனி எதற்குத்தான் அழலாம்? எதிரணி பதில் சொல்லட்டும். வணக்கம்.